ஏரியின் அடியில் ஒரு வருஷம்



ஏரி என்று சொன்ன மாத்திரத்தில் நம் மனத்தில் எழுவது அதன் மேற்பரப்புத்தான். அலையும், அலைமேல் விழும் வெயிலும், கரையோரத்து நாணலும், நீருக்குள் திரியும் மீனும் என்று அந்தச் சித்திரம் அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த நீருக்கெல்லாம் கீழே, வெளிச்சம் எட்டாத இடத்தில், கரிய சேற்றுக்குள் புதைந்தபடியே உண்டு வளரும் சிற்றுயிர்கள் சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்பதையும், நமக்கு இருப்பதுபோலவே அவற்றுக்கும் பருவங்கள் உண்டு என்பதையும், ஆனால் அந்தப் பருவங்கள் மேலே நாம் காணும் பருவங்களுக்குப் பெரும்பாலும் நேர் எதிராக நடப்பவை என்பதையும் எடுத்துச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

வெயிலும் காற்றும் மழையும் தெரியாத ஆழத்தில் பருவம் என்று எதைச் சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே உஷ்ணம்கூட வருஷம் முழுவதிலும் சில டிகிரிதான் ஏறி இறங்குகிறது. ஆயினும் அந்த உயிர்களுக்கு இரண்டு பொருள்கள் மேலிருந்தே வரவேண்டியிருக்கின்றன: ஒன்று ஆகாரம், மற்றொன்று பிராணவாயு. மேல்நீரில் வளர்ந்து மடிந்து கீழே உதிரும் நுண்பாசிதான் அவற்றின் ஆகாரம். காற்று கலக்கிக் கீழே அனுப்பும் அளவுதான் அவற்றின் மூச்சு. இவ்விரண்டும் ஒருசேர வந்துவிட்டால் அந்த உயிர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படி வருவதில்லை. ஆகாரம் மிகுதியாக இறங்கும் காலத்தில் மூச்சு இல்லை. மூச்சு தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் ஆகாரம் இல்லை. வருஷத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் குறுகிய இடைவெளிகள் இரண்டுதான் உண்டு. அந்த இடைவெளிகளுக்குள் வளர்ந்துகொள்ளத் தெரிந்தவையே அந்தச் சேற்றில் பிழைத்திருக்கின்றன.

ஆழத்துச் சேற்றில் உயிர் உண்டு என்பதே நமக்குத் தெரியவந்து வெகுகாலம் ஆகிவிடவில்லை. 1869-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து அறிஞர் ஃபோரெல் ஜெனீவா ஏரியின் ஆழத்திலிருந்து எடுத்த சேற்றில் உயிருள்ள பிராணிகளைக் கண்டார். ஏரிகளைப் பற்றிய சாஸ்திரம் என்று ஒன்று தனியாக உருவானதற்கு அவருடைய உழைப்பே அஸ்திவாரம். ஆனால் சேற்றுக்குள் நடக்கும் வாழ்க்கையை மாதம் மாதமாகப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஏரியைத்தான் நான் இன்று எடுத்துக்கொள்கிறேன். டென்மார்க்கில், கோபன்ஹேகன் நகரத்துக்கு வடக்கே, ஃப்ரெடன்ஸ்போர்க் அரண்மனையின் தோட்டம் வந்து முடியும் கரையை உடைய எஸ்ரோம் ஏரி அது. பரப்பு சுமார் 17 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடம் 22 மீட்டர். கடல்களையும் பெருஞ்சமுத்திரங்களையும் அளந்தவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் வேஸன்பர்க்-லுண்ட் என்ற பேராசிரியர் நிறுவிய நன்னீர் உயிரியல் ஆய்வுக்கூடம் பக்கத்தில் ஹில்லெரோட் ஊரில் அமைந்ததனால், இந்த ஏரி தலைமுறை தலைமுறையாக ஆராய்ச்சியாளர்களின் கைக்குள்ளேயே இருந்து வந்தது. 1938-இல் காய் பெர்க் இதன் அடித்தள உயிர்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அவருக்குப் பின் ஐஸ்லாந்துக்காரரான பேதுர் யோனாஸன் பல ஆண்டுகள் இந்தச் சேற்றையே வாழ்க்கையின் விஷயமாகக் கொண்டு, 1972-இல் மேல்நீர்ப் பாசிக்கும் அடிச்சேற்று உயிருக்கும் உள்ள சம்பந்தத்தை நிலைநாட்டினார். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவர் கண்டு சொன்னது.

முதலில் நீரின் குணம் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர் நான்கு டிகிரி உஷ்ணத்தில்தான் மிகவும் கனமாக இருக்கிறது. வசந்தகாலத்தில் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே உஷ்ணமாக இருப்பதால், காற்று வீசினால் ஏரி முழுவதும் அடிவரை கலங்குகிறது. கோடை ஏற ஏற மேல்நீர் சூடாகி இலேசாகிவிடுகிறது. தண்ணீர்மேல் எண்ணெய் மிதப்பதுபோல அது குளிர்ந்த அடிநீரின்மேல் மிதக்கத் தொடங்குகிறது. அதன்பின் எவ்வளவு காற்று வீசினாலும் மேலடுக்குத்தான் புரள்கிறதே தவிர அடியடுக்கு அசைவதில்லை. எஸ்ரோமில் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை இதுதான் நிலை. அடியில் அகப்பட்ட நீரில் இருந்த பிராணவாயுவைச் சேறும் சேற்றிலுள்ள பாக்டீரியாவும் சிறிது சிறிதாகத் தின்று தீர்க்கின்றன. நடுக்கோடைக்குப் பின் 20 மீட்டர் ஆழத்தில் அது அநேகமாக இல்லாமலே போய்விடுகிறது. செப்டம்பர் மாதத்துக் காற்றும் குளிரும் சேர்ந்து அடுக்கை உடைத்துக் கலக்கும்போதுதான் மறுபடியும் அடிக்கு மூச்சு வருகிறது.

இனிச் சேற்றுக்கு வருவோம். வண்டல் என்றால் செத்த பொருள் என்று நினைக்கிறோம், அது சரியன்று. ஏரியின் அடியிலிருந்து கண்ணாடிக் குழாயில் குலையாமல் எடுத்த சேற்றைப் பக்கவாட்டில் பார்த்தால், உச்சியில் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பழுப்பு நிறமான ஒரு படலமும், அதன்கீழ் முழுவதும் கறுப்பும் தெரியும். பழுப்பு, பிராணவாயு எட்டிய இடம். இரும்பு துருவேறி நிற்கும் இடம். கறுப்பு, அது எட்டாத இடம். இங்கிலாந்தின் எஸ்த்வெயிட் ஏரியில் கிளிஃபர்ட் மார்ட்டிமர் செய்து 1941-லும் 1942-லும் வெளியிட்ட ஆராய்ச்சி, கோடையில் அடிநீரின் பிராணவாயு தீர்ந்ததும் இந்தப் பழுப்புப் படலம் அழிந்து, அதுவரை அது பிடித்து வைத்திருந்த இரும்பும் பாஸ்பரஸும் நீருக்குள் கரைந்து வெளியேறுவதைக் காட்டியது. அந்தப் பழுப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே சேற்றுக்குள் இருப்பவர்கள் மூச்சுவிடுகிறார்களா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

அந்தக் குழாயை இன்னும் சற்று உற்றுப் பார்த்தால் கறுப்புச் சேற்றின் நடுவே செங்குத்தாக இறங்கும் பழுப்புக் கோடுகள் சில தெரியும். அவை வீடுகள். கைரோனமஸ் என்ற பூச்சியின் புழுக்கள் கட்டியவை. இந்தப் பூச்சி வளர்ந்தபின் கொசுவைப்போலவே இருக்கும்; கடிக்காது. எஸ்ரோமின் ஆழத்தில் மிகுந்திருப்பது கைரோனமஸ் அந்த்ராஸினஸ் என்ற இனம். விரல் நகத்தின் நீளத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ வளரும் இந்தச் சிவந்த புழு, தன் எச்சிலிலிருந்து பட்டுநூல் இழைத்து, அதனால் சேற்றுத்துகளை ஒட்டவைத்து, மேல்முனை சேற்றுக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு குழல் அமைத்துக்கொள்கிறது. குழலுக்குள் இருந்தபடி உடலை அலையலையாக நெளித்து மேல்நீரை உள்ளே இழுக்கிறது. அப்படி இழுத்த நீரின் பிராணவாயுதான் குழலின் சுவரைச் சுற்றிலும் பழுப்பாக்கிவிடுகிறது. அதாவது இந்தச் சிறுபுழு தான் மூச்சுவிடுவதோடு நிற்காமல், கறுப்புச் சேற்றுக்குள் பழுப்புப் பிரதேசம் ஒன்றையும் உண்டாக்கிவிடுகிறது. அதனால்தான் இவற்றை வெறும் குடியிருப்பவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சேற்றின் ரசாயனத்தையே மாற்றுகிறவர்கள் அவர்கள்.

உண்ணும் விதத்தையும் சொல்ல வேண்டும். பசித்தபோது அந்த்ராஸினஸ் புழு குழலின் வாயிலிருந்து உடலின் முன்பாதியை வெளியே நீட்டி, பின்பாதியால் குழலைப் பற்றிக்கொண்டு, எட்டிய மட்டும் சுற்றியுள்ள புதுச்சேற்றை வாரி உண்டு, சடக்கென்று உள்ளே திரும்பிவிடுகிறது. அதன் நெருங்கிய உறவினமான ப்ளூமோஸஸ் வேறொரு வித்தை செய்கிறது. குழலுக்குக் குறுக்கே பட்டுநூலால் கூம்பு வடிவமான வலையொன்றைக் கட்டி, உடலை நெளித்து நீரை அதன் வழியே ஓட்டி, நுண்பாசி வலையில் நிறைந்ததும் திரும்பி, பாசியோடு வலையையும் சேர்த்து விழுங்கிவிட்டு, மறுநிமிஷமே புதுவலை கட்டத் தொடங்கிவிடுகிறது. பார்பரா வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1940-களில் இதைக் கண்டு எழுதினார். சேற்றுப் புழு என்று நாம் ஒதுக்கும் ஒன்றின் வாழ்வில் இத்தனை நுட்பமான தொழில் இருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

அதன் சிவப்பு நிறமும் காரணமில்லாமல் வந்ததன்று. நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் இதன் உடல்நீரிலும் கரைந்திருக்கிறது. பூச்சிக் குலத்தில் இது மிக அரிது. இந்தப் புழுவின் ஹீமோகுளோபின், நீரில் பிராணவாயு மிகவும் குறைந்துவிட்ட நிலையிலும் அதைப் பற்றியிழுக்கும் வல்லமை உடையது. அந்த ஹீமோகுளோபினைச் செயலிழக்கச் செய்து பார்த்த வால்ஷ், அது இல்லாவிட்டால் குறைந்த பிராணவாயுவில் புழு உண்பதை நிறுத்திவிடுகிறது என்பதையும், மூச்சில்லாத நேரம் கழிந்தபின் தேறுவதற்கு வெகுநேரம் ஆகிறது என்பதையும் காட்டினார். ஆனால் அது பெரிய களஞ்சியம் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் அடங்கியிருக்கும் பிராணவாயு சில நிமிஷங்களுக்கே போதும். கோடையின் நெடிய தவிப்பை அதனால் கடக்க முடியாது. அதற்கு வேறு ஏற்பாடு உண்டு. பிறகு சொல்கிறேன்.

இந்தப் புழுக்களுக்கு இடையே மெல்லிய சிவந்த நூல்போன்ற மண்புழு இனம் ஒன்றும் வாழ்கிறது. வண்ணமீன் வளர்ப்பவர்கள் கடைகளில் டியூபிஃபெக்ஸ் என்று கேட்டு வாங்கும் தீனிப்புழுவுக்கு இது சொந்தம். தலையைச் சேற்றுக்குள் சில சென்டிமீட்டர் புதைத்துக்கொண்டு, வாலை மேலே நீரில் அசைத்து மூச்சுவிடும் ஜாதி இது. அடியில் உண்டதை மேலே கழிக்கிறது. அதனால் கீழே இருந்த பழைய சேறு ஓயாமல் மேலே வந்துகொண்டிருக்கிறது. ஏரியின் வண்டல் ஆண்டுவாரியாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் என்று நம்பி வரலாறு படிக்க வருகிறவர்கள் இந்தப் புழுவைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஏமாந்துபோவார்கள். பட்டாணியைவிடச் சிறிய பிஸிடியம் என்ற இருவோட்டுச் சிப்பியும் சேற்றுக்குள்ளேயே கிடக்கிறது. குஞ்சுகளைத் தன் ஓட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்து வெளியே விடுகிறது. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடலை உடைய கேயோபோரஸ் புழுவோ சேற்றைப் பகற்பொழுதுக்கான மறைவிடமாக மாத்திரம் கொள்கிறது. மீன்கள் காணமுடியாத இரவில் தன் உடலிலுள்ள காற்றுப்பைகளின் துணையால் மேலே மிதந்துபோய், நுண்ணுயிர்களை வேட்டையாடி, மூச்சும் வாங்கிக்கொண்டு விடிவதற்குள் இறங்கிவிடுகிறது.

இப்பொழுது வருஷத்தைப் பார்ப்போம். அதை மார்ச் மாதத்திலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். குளிர் தளர்ந்து வெளிச்சம் ஏறியதும் மேல்நீரில் சிலிகா ஓடுடைய டயாட்டம் பாசிகள் பெருகுகின்றன. ஏரி அப்போது அடிவரை கலங்கிக்கொண்டிருப்பதால், கனமான அந்தப் பாசி உதிர்ந்து பசுமை மாறாமலே அடியை அடைகிறது. மூச்சும் உண்டு, உணவும் உண்டு. சேறு முழுவதும் அப்போது ஒரு பெருவிருந்தில் ஈடுபடுகிறது. அந்தச் சில வாரங்களில் புழுக்கள் எடை கூடும் வேகம் வருஷத்தின் வேறெந்தக் காலத்திலும் காணக்கிடைக்காதது. மே மாதத்தில் முதிர்ந்த புழுக்கள் கூட்டுப்புழுவாகி, நீர்மட்டத்துக்கு எழும்பி, தோல் பிளந்து பறந்துவிடுகின்றன. கரையோரத்து மரங்களின் மேலே ஆண்பூச்சிகள் புகைமண்டலமாகத் திரண்டு ஆடுகின்றன. பெண்பூச்சி முட்டைகளைப் பசைத்திரளாக நீரில் இடுகிறது. அது மூழ்கி அடியை அடைகிறது. அந்தப் பூச்சியின் பறக்கும் வாழ்வு சில நாள்கள்தான். சேற்றில் கழிந்ததெல்லாம் மாதக்கணக்கு.

ஜூனில் அடுக்கு விழுகிறது. மேலே கோடை, படகுகள், நீராடும் மக்கள். மேல்நீரில் பாசி ஏராளமாக விளைந்து கீழே உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. உண்ணத்தான் வழியில்லை. மூச்சு முட்டிய புழு நெளிவதையும் வாரி உண்பதையும் நிறுத்திக் குழலுக்குள் அசையாமல் கிடக்கிறது. உடலில் சேமித்து வைத்த கிளைகோஜனைப் பிராணவாயு இல்லாமலே நொதிக்கச் செய்து, அதில் கிடைக்கும் சொற்ப சக்தியால் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கைரோனமஸ் இனத்தில் அந்த நொதித்தலின் கழிவாகச் சாராயச்சத்தே உண்டாகி வெளியேறுகிறது. வளர்ச்சி நின்றுவிடுகிறது, எடை குறையவும் செய்கிறது. நாம் ஏரிக்குப் பொற்காலம் என்று எண்ணும் அந்த மாதங்கள் சேற்றுக்குள் பஞ்சகாலம். இந்தப் பஞ்சத்தை வேறு விதமாகக் கடப்பவையும் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து மெண்டோட்டா ஏரியில், பர்ஜ், ஜூடே என்ற இருவர் 1908-இல் எழுதியபடி, ஸைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய இறால்குலத்து உயிரொன்று கோடை வந்ததும் அடிச்சேற்றில் இறங்கித் தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு, இலையுதிர்காலம்வரை உறங்கிவிடுகிறது. குளிர்கால உறக்கத்தை நாம் அறிவோம். இது கோடை உறக்கம்.

செப்டம்பரில் காற்று அடுக்கை உடைக்கிறது. அடிக்கு மூச்சு வருகிறது. கோடை முழுவதும் உதிர்ந்து உண்ணப்படாமல் கிடந்ததோடு இலையுதிர்காலத்துப் பாசியும் சேர்கிறது. இரண்டாவது விருந்து தொடங்குகிறது. அது நவம்பரோடு தணிந்துவிடுகிறது. அப்புறம் வடநாட்டு இருள். மேலே பாசி வளர்வதில்லை. நீரில் பிராணவாயு வேண்டிய மட்டும் இருக்கிறது, வாய்க்கு ஒன்றும் இல்லை. புழு சிசிரத்தைச் சும்மா இருந்து கழிக்கிறது. குளிர் அதைக் கொன்றுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. நீரின் அடி உறைவதில்லை.

மூச்சுமுட்டலைத் தாங்கப் பழகாத உயிருக்கு என்ன நேரும் என்பதை 1953-ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் ஈரி ஏரி காட்டியது. அதன் மேற்குப் பகுதி ஆழமற்றது, சராசரி 7 மீட்டர்தான். காற்று பெரும்பாலும் அதை அடிவரை கலக்கிக்கொண்டிருக்கும். அங்கே சேற்றில் வளைந்த வளை தோண்டி, செவுள்களை அசைத்து நீரோட்டம் உண்டாக்கி வாழ்ந்தவை ஹெக்ஸஜீனியா என்ற பூச்சியின் புழுக்கள். சதுர மீட்டருக்குச் சில நூறு. அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இல்லை. நெடுங்கால மூச்சடைப்புக்கு அவை ஆயத்தப்பட்டவையும் அல்ல. அவ்வாண்டு கோடையின் இறுதியில் காற்றில்லாத உஷ்ணமான நாள்கள் சில தொடர்ந்து வந்தன. ஏற்கெனவே கழிவுச்சத்து மிகுந்திருந்த சேறு அந்த நாள்களுக்குள் அடிநீரின் பிராணவாயுவைக் குடித்துத் தீர்த்தது. செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட் என்ற ஆராய்ச்சியாளர் சேற்றை எடுத்துப் பார்த்தபோது செத்த புழுக்களே மிகுதியாக வந்தன. அதற்குமுன் கோடைதோறும் கரை நகரங்களின் விளக்குகளை மொய்த்துத் தெருவில் குவியலாக விழுந்த அந்தப் பூச்சி அடுத்த ஆண்டுகளில் அநேகமாகக் காணாமலே போயிற்று. ஏரிக்குள் கழிவு விடுவதைக் குறைத்த பிறகு, 1990-களில்தான் திரும்பி வந்தது. இன்று அதன் கூட்டங்கள் வானிலை ரேடாரில் மேகம்போலத் தெரிகின்றன. நீரின் மேல்மட்டத்தை மாத்திரம் சோதித்திருந்தால் அந்தச் சில நாள்களின் விபரீதம் எவருக்கும் தெரிந்திராது.

இத்தகைய விஷயங்களை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை யோனாஸன் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சேற்றை வாரியெடுத்துச் சல்லடையில் அலசித்தான் புழுக்களை எண்ணுகிறார்கள். பழைய கணக்குகளில் கோடையில் புழு குறைவாகவும் இலையுதிர்காலத்தில் திடீரென்று மிகுதியாகவும் வந்தது. இலையுதிர்காலத்தில்தான் அவை பெருகுகின்றன என்று பலர் கொண்டார்கள். 1955-இல் யோனாஸன் வெவ்வேறு கண்ணளவுள்ள சல்லடைகளில் ஒரே சேற்றை அலசிக் காட்டினார். பிறந்த புழுவின் தலை சல்லடைக் கண்ணைவிடச் சிறிது. அது நழுவிப் போய்விடுகிறது. தலை பெருத்த பிறகுதான் அகப்படுகிறது. பெருகியது புழுவின் தொகை அன்று, தலையின் அளவு. மாதம் தவறாமல் நுண்சல்லடையில் அலசிய பிறகே அந்தச் சேற்றின் உண்மையான வரலாறு வெளிவந்தது.

அந்த வரலாற்றில் மிகவும் விசித்திரமானதை இறுதிக்கு வைத்திருக்கிறேன். 20 மீட்டர் ஆழத்தில் அந்த்ராஸினஸ் புழுவுக்கு ஒரு வசந்தமும் ஓர் இலையுதிர்காலமும் போதுவதில்லை. முட்டையிலிருந்து வந்த அடுத்த மே மாதத்தில் விரைந்து வளர்ந்த சிலவே பறக்கின்றன. பெரும்பாலானவை இன்னொரு கோடையையும் சேற்றுக்குள் தாங்கி, இரண்டாவது மே மாதத்தில்தான் வெளிவருகின்றன. முதல் மே மாதத்தில் பறந்தவை இட்ட முட்டைகள் சேற்றை வந்தடையும்போது, அங்கே இன்னும் தங்கியிருக்கும் மூத்த புழுக்கள் சுற்றிலுமுள்ள சேற்றை வாரி உண்ணும் வழக்கப்படி அந்த முட்டைகளையும் சேர்த்து உண்டுவிடுகின்றன. புதுத்தலைமுறை அவ்வாண்டு தலையெடுப்பதில்லை. மூத்தவை எல்லாம் பறந்து சேறு வெறுமையாகும் மறு ஆண்டில்தான் முட்டைகள் பிழைக்கின்றன. ஆகவே ஒன்றுவிட்டு ஒரு வருஷந்தான் அந்த ஆழத்தில் பெரும்பிறப்பு நிகழ்கிறது.

ஆனால் அதே ஏரியில், கரையை நோக்கி ஏறும் சரிவில், ஏழெட்டு மீட்டர் மேலே வாழும் அதே இனத்துப் புழுவுக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. காற்று மேலிருந்து கலக்கிக்கொண்டு வரும்போது அந்தச் சரிவை முந்தியும் அடியைப் பிந்தியும் எட்டுகிறது. மேலே மூச்சில்லாத வாரங்கள் குறைவு. உண்ணும் வாரங்கள் அதிகம். அங்கே அது ஒரே வருஷத்தில் வளர்ந்து பறந்துவிடுகிறது.